பரணில் ஏறிய மடிக்கணினி

மந்தைக்காட்டில் தேவசேனாவைப் பற்றிச் சொல்லப்படும் ஒரே குறை, எடுத்த சோலியை முடிக்காமல் விடமாட்டாள் என்பதுதான். இதில் என்ன குறை என்று கேட்பவர்கள் அவளோடு ஒரு தடவை பஸ்ஸில் கொடைக்கானல் வரை போய்வர வேண்டும். ஏறும்போது கண்டக்டரிடம் ஆரம்பித்த வழக்கு பூம்பாறை தாண்டியும் ஓயாது. இறங்கிய பிறகும் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, தன் பக்கத்து நியாயத்தை இன்னொரு தரம் சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸைப் போக விடுவாள்.

பிறந்தது மலைக்குக் கீழே, ஆயக்குடியில். அப்பாவுக்குக் கொய்யாத் தோப்பு. வெயில் ஊரில் வளர்ந்த பெண்ணை மேகம் வந்து வாசற்படியில் உட்காரும் ஊருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கணவன் ராஜமுருகன் கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை செய்துகொண்டு வாரம் ஒருநாள் வீட்டுக்கு வருபவன். நல்ல மனிதன், பேச்சு குறைவு. அந்த வீட்டில் இன்னொருவர் பேசுவதற்கு இடமும் இல்லை.

மலைக்கு வந்த முதல் மழைக்காலத்தில் அவளுக்கு எல்லாமே நாசமாகிக்கொண்டு வந்தது. உப்பு தண்ணீரானது. முகூர்த்தப் பட்டில் பூசணம் பிடித்தது. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் முகம் மட்டும் வெளுத்து அழிந்துபோயிருக்க, பக்கத்தில் அவள் மட்டும் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதபோது ராஜமுருகன் அந்த மாதத்தில் பேசிய மிக நீளமான வாக்கியத்தைப் பேசினான்.

"இந்த ஊர்ல ஒரு பொருள் பத்திரமா இருக்கணும்னா, பரண்லதான் போடணும்."

பரண் என்றால் அடுப்புக்கு நேர் மேலே, கூரையை ஒட்டி மூங்கில் கழிகளைக் குறுக்கே பாய்ச்சிய இடம். மலைப்பூண்டைப் பிடுங்கியதும் இலைத்தாளோடு ஜோடி ஜோடியாகக் கட்டி அந்தக் கழிகளில் தொங்கவிடுவார்கள். கீழே அடுப்பு எரியும். புகை ஏற ஏறப் பூண்டின் தோல் கறுத்து இறுகும். அப்படிப் புகை குடித்த பூண்டு மாதக்கணக்கில் கெடாது, விதைக்குப் போட்டால் சோடை போகாமல் முளைக்கும். பூண்டு தொங்கும் காலம் முழுக்க அடுப்பில் கங்கு அணையக்கூடாது என்பது மந்தைக்காட்டின் வழக்கம். அன்றிலிருந்து ரேஷன் கார்டு, பத்திரம், மகனின் சான்றிதழ் என்று தேவசேனா வீட்டில் விலைமதிப்புள்ளதெல்லாம் பூண்டோடு பூண்டாகப் பரணில் ஏறிவிட்டது. ஒன்றில்கூடப் பிறகு பூசணம் பிடிக்கவில்லை. இந்த நம்பிக்கைதான் பின்னால் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஊர்ப் பூண்டை எப்போதும் அவளுடைய கொழுந்தன் திருமலைச்சாமிதான் தன் சரக்கு வண்டியில் ஏற்றி வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவான். நல்ல விதைப்பூண்டும் அங்கே குழம்புப் பூண்டோடு சேர்ந்துதான் விலை போகும். இந்த வருடம் தேவசேனா அதை மாற்ற முடிவுசெய்தாள். மகளிர் குழுக்களுக்குக் கொடைக்கானலில் நடந்த ஒரு பயிற்சியில் லாவண்யா என்ற பெண்ணைச் சந்தித்திருந்தாள். லாவண்யா நீலகிரிப் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்றுக்கு விதை வாங்கிக்கொடுப்பவள். புகை போட்ட விதைப்பூண்டு நிறைய வேண்டும் என்றும், வீடியோவில் பரணையே நேராகப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்கள் என்றும் அவள் சொல்லியிருந்தாள்.

தேவசேனா ஊருக்கு வந்து தன் மகளிர் குழுவைக் கூட்டினாள். "இந்த வருசம் விதைப்பூண்ட யாரும் சந்தைக்கு விடாதீங்க. என்னைய நம்புங்க" என்றாள். நம்பினார்கள். அவரவர் வீட்டிலிருந்த விதைப்பூண்டை ஒரே இடத்தில் காட்டுவதற்காகத் தேவசேனாவின் பரணிலேயே கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். குழுவில் அதிகப் பூண்டு வைத்திருந்த சின்னத்தாயி மட்டும் கடைசிக் கட்டைக் கொடுக்கும்போது கையை உடனே எடுக்கவில்லை.

"ஏத்தா, ஓன் பேச்ச நம்பித்தான் கட்டுறோம். இது போகலைன்னா வடக்கத்திப் பூண்டு வந்து எறங்கிரும். அப்புறம் இத எவன் கேப்பான்?"

"போகும்க்கா" என்றாள் தேவசேனா. அன்றைக்கு அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பயிற்சி முடித்த குழுக்களுக்குக் கொடுத்த மடிக்கணினி அடுத்த வாரம் வந்து சேர்ந்தது. குழுவே கூடிப் பெட்டியைப் பிரித்தது. சூடம் காட்டினார்கள். சின்னத்தாயி சந்தனமும் குங்குமமும் குழைத்து, திரையின் மேல்விளிம்பில் நட்டநடுவே அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள். மறுநாள் வீடியோ போட்டுப் பார்த்தால் படமே வரவில்லை. செக்கச்செவேல் என்று ஒரு இருட்டு. புதுசிலேயே கண் அவிந்த மிஷினைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று தேவசேனா பாதி ஊரிடம் சண்டைக்குத் தயாரானாள். அப்புறம்தான் பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது. கேமரா இருப்பது அந்த மேல்விளிம்பின் நடுவில்தான். உலர்ந்த மெல்லிய துணியால் பொட்டைத் துடைத்ததும் திரையில் எல்லாருடைய முகமும் வந்தது.

"சாமிக்கு நெத்தியிலதான வைப்போம்? நெத்தியில கண்ணு இருக்கும்னு நான் கண்டனா?" என்றாள் சின்னத்தாயி. தப்பு தன்மேல் இல்லை என்பதில் இன்றுவரை அவள் உறுதியாக இருக்கிறாள்.

அடுத்த தகராறு பாஸ்வேர்டில் வந்தது. மிஷினைத் திறக்க ஒரு ரகசிய எண் வைக்க வேண்டும் என்றதும், யாருக்குத் தெரிய வேண்டும் என்று பேச்சு எழுந்தது. எல்லாருக்கும் தெரிந்தால் அது ரகசியம் இல்லை. தேவசேனாவுக்கு மட்டும் தெரிந்தால் அது பொதுச் சொத்து இல்லை. குழுவின் பணப்பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தேவசேனாவிடம், ஒன்று இருளாயியிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் பெட்டி திறக்கும். வயதில் மூத்தவளான இருளாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் செல்போனைப் பழகி எண்களெல்லாம் அத்துப்படி. அவள்தான் வழி சொன்னாள்.

"பொட்டிக்குச் செஞ்சதையே இதுக்கும் செய்வோம். முன்பாதிய அவ போடட்டும். பின்பாதிய நான் போடுறேன். அவளுது எனக்குத் தெரியக்கூடாது, என்னது அவளுக்குத் தெரியக்கூடாது."

அப்படியே ஆயிற்று. ஒருத்தி விரலை வைத்தால் மற்றவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தினமும் பழகுவதற்கு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார வேண்டியிருந்ததால் இருளாயியும் பாதி பழகிவிட்டாள். பழகி முடித்ததும் தேவசேனா அதை மூடி, குளிர் ஏறாமல் இருக்க ஒரு கம்பளியில் சுற்றி, வீட்டிலேயே மிகப் பத்திரமான இடத்தில் வைத்தாள். எங்கே என்று சொல்லவும் வேண்டுமா? ஈரம் படாமல் பாதுகாக்கவும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. ஈரம் படாத இடம் மந்தைக்காட்டில் அது ஒன்றுதான்.

பரண் பார்க்கும் நாள் நெருங்கியபோது ஒரு ஃபோன் வந்தது. நகரத்துக் குரல்.

"மேடம், கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவுல இருந்து பேசுறோம். உங்க லேப்டாப்ல வைரஸ் ஏறியிருக்கு. இன்னைக்கே சரிபண்ணலைன்னா வீடியோ மீட்டிங் எதுவும் நடக்காது."

வீடியோ என்றதும் தேவசேனா பதறினாள். "என்னங்க பண்ணணும்?"

"ஒரு ஆப் அனுப்புறேன். இறக்குங்க. பாஸ்வேர்டு கேக்கும், போடுங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோம்."

"எனக்குப் பாதிதாங்க தெரியும்."

"பாதின்னா?"

"பாஸ்வேர்டுல பாதி. மிச்சம் இருளாயி அக்காகிட்ட இருக்கு."

"அப்ப அவங்களைக் கூப்பிடுங்க மேடம். அவசரம்."

"அவங்க மாடு பத்திக்கிட்டுப் போயிருக்காங்க. சாயங்காலந்தான் வருவாங்க."

"மேடம், உங்களுக்குப் புரியலை. ரொம்ப அவசரம்."

அவன் அவசரம் அவசரம் என்று அடித்துக்கொண்டதில்தான் அவளுக்கு மண்டையில் உறைத்தது. ஃபோனில் அவசரப்படுத்துகிறவன் நம் வீட்டு ஆள் இல்லை என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். வைத்துவிட்டாள். விடாக்கண்டன், சாயங்காலமும் கூப்பிட்டான். இந்தத் தடவை ஃபோனை வாங்கியது இருளாயி.

"ஏலே, கட்டுன புருசங்கிட்டயே நான் பொட்டிச் சாவியக் குடுத்ததில்ல. ஒங்கிட்டக் குடுப்பேனாக்கும்? வையிலே போன!"

அன்று ஊரே சிரித்தது. தேவசேனாவுக்குத் தலைகால் புரியவில்லை. இனி எதுவும் தன்னை அசைக்காது என்று நினைத்தாள். அந்தச் சந்தோஷம் ஒரு ராத்திரி தாங்கியது.

மறுநாள் காலையில் லாவண்யாவோடு ஒரு வெள்ளோட்டம். ஃபோனிலிருந்து நெட்டை எடுத்து மிஷினுக்குக் கொடுத்து, அடுப்படியில் பெஞ்சுமேல் வைத்து, எல்லாரும் சுற்றி நின்றார்கள். லாவண்யா முகம் வந்தது. வணக்கம் சொன்னாள். பேசிக்கொண்டிருக்கும்போதே மிஷின் உறுமியது, அடிப்பாகம் தோசைக்கல்லாகச் சுட்டது, பொட்டென்று அணைந்தது. ஆறவிட்டு மறுபடி போட்டார்கள். மறுபடியும் அணைந்தது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவசேனா பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பாள். சின்னத்தாயி பரணை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். வாசலில் நின்ற திருமலைச்சாமி குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"மதினி, வண்டி காலியாத்தான் கெடக்கு. நீங்க ஒரு வார்த்த சொன்னா வெரசா ஏத்திரலாம். சந்தைல இன்னைக்கும் கேக்கத்தான் செய்யிறாங்க."

"நாளன்னைக்குப் பரணப் பாக்குற வரைக்கும் பொறு தம்பி" என்றாள். அடுத்த பஸ்ஸில் மிஷினைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போனாள்.

மூஞ்சிக்கல் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த பிரசாந்த், திருகுகளைக் கழற்றி அடி மூடியைத் திறந்தான். கடை முழுக்கப் புகைப்பூண்டு மணம் அடித்தது. காற்றாடி இருந்த இடத்தில் கறுப்பாகப் பிசுபிசுவென்று என்னவோ அப்பியிருந்தது. அவன் மூக்கை உறிஞ்சினான், அவளைப் பார்த்தான்.

"அக்கா, சீரியஸா கேக்குறேன். இதை எங்க வெச்சிருந்தீங்க?"

"பத்திரமாத்தான் வெச்சிருந்தேன். பரண்ல."

"எந்தப் பரண்?"

"அடுப்புக்கு மேல."

"கம்பளி நூல் வேற சிக்கியிருக்கே?"

"குளிருமேன்னு சுத்தி வெச்சேன்."

பிரசாந்த் சிரிக்கக்கூடாது என்று கொஞ்ச நேரம் முயன்று பார்த்தான். முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கரியைச் சுரண்டி, தூசு ஊதும் ரப்பர்ப் பந்தால் ஊதி, ஒரு செய்தித்தாளில் கொட்டினான். கொட்டக் கொட்ட வந்தது. வேலை செய்துகொண்டே சொல்லிக்கொண்டுபோனான்.

"இதுக்குக் குளிர்னா பயமே இல்லக்கா. சூடுதான் ஆகாது. அடியில இந்தச் சந்துலதான் மூச்சு வாங்குது. கம்பளி, மெத்தை, தலகாணின்னு எதுமேலயும் வைக்காதீங்க, கீழ காத்து போகணும். முழுசா அணைச்சு, ஆறுனப்புறம்தான் பைக்குள்ள வைக்கணும். ஈரத்துக்கு, இந்தா, இந்தக் குட்டிப் பொட்டலத்தைப் பையில போட்டுக்கங்க, ஈரத்தை அது இழுத்துக்கும். மேகத்துல நனைஞ்சு வந்தா உடனே ஆன் பண்ணாதீங்க. உங்க ஊர் கரண்டு ஏறி இறங்கும், நேரா பிளக்குல சொருகாம ஸ்டெபிலைசர் வெச்சு சொருகுங்க. முக்கியமானதையெல்லாம் பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வேற இடத்துல வைங்க." நிறுத்தி, "பரணைத் தவிர வேற இடத்துல" என்று திருத்தினான்.

"இப்ப ஓடுமா?" அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"ஓடும். ஆனா ஃபேன் தேஞ்சுபோச்சு. மதுரையில இருந்து புதுசு வர ஒரு வாரமாகும். அதுவரைக்கும் சூடான இடத்துல வெச்சீங்கன்னா கண்டிப்பா நின்னுரும்."

கரியைக் கொட்டிய தாளை நன்றாக மடித்து அவளிடம் நீட்டினான். "இந்தாங்க, உங்க ஊர்ப் புகை. திஷ்டிக்கு வெச்சுக்கங்க." சிரிக்கும் நிலையில் இல்லாத தேவசேனா அதை வாங்கிப் பையின் ஓரப் பகுதியில் திணித்துக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் வாயே திறக்கவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். "என்னக்கா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டே விட்டார். அவளுக்கு மனசெல்லாம் ஒரே கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. மிஷினுக்குச் சூடு ஆகாது. லாவண்யா பார்க்க வேண்டியது பரண். பரண் இருப்பது ஊரிலேயே சூடான இடத்தில். பூண்டை வெளியே கொண்டுவந்து காட்டினால் பொறுக்கிக் காட்டியதாக நினைப்பார்கள். அப்படியானால் வெளியேற வேண்டியது நெருப்புதான்.

குழுவிடம் சொன்னதும் எல்லார் முகமும் மாறியது. பூண்டு தொங்கும்போது அடுப்பை அணைப்பதா? "கண்ட மிஷினுக்காகக் கங்க அணைக்கச் சொல்லுறியே, நல்லாருக்கா?" என்றாள் சின்னத்தாயி. தேவசேனாவுக்கும் அது நல்லாயில்லைதான். இருளாயி குறுக்கே வந்தாள்.

"அணைக்க யாரு சொன்னா? கங்க அப்பிடியே சட்டியில அள்ளி எங்க வீட்டு அடுப்புக்குக் கொண்டுபோயிர்றேன். கல்யாணம்னா மாட்டப் பக்கத்து வீட்டுல கட்டுறதில்லையா? சோலி முடிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்து போட்டாப் போச்சு."

பரண் பார்க்கும் நாளன்று வெள்ளனே நெருப்பு இடம் மாறியது. கதவு சன்னலெல்லாம் திறந்துபோட்டு அடுப்படியைக் குளிரவிட்டார்கள். உருளைக்கிழங்கு விதையைக் காற்றாட வைக்கும் மூங்கில் தட்டு ஒன்றைத் தேவசேனா எடுத்து வந்தாள். கண்ணு கண்ணாகப் பின்னிய தட்டு, கீழே காற்று தாராளமாகப் போகும். அதன்மேல் மிஷினை வைத்தாள். தட்டை ஒருபுறம் அவளும் மறுபுறம் சின்னத்தாயியும் பிடித்துக்கொள்வது, லாவண்யா கேட்கும் இடத்துக்கெல்லாம் நகர்ந்து காட்டுவது என்று ஏற்பாடு. முதலில் இரண்டு பாதியும் போட்டுத் திறந்தாயிற்று. இருளாயி கங்கைப் பார்த்துக்கொள்ளத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் திருமலைச்சாமி வண்டியோடு நின்றான். எதற்கும் இருக்கட்டும் என்று வந்திருந்தான்.

திரையில் லாவண்யா வந்தாள். கோடிக் கழியில் இருந்த கட்டைக் காட்டச் சொன்னாள், காட்டினார்கள். ஒன்றை எடுத்து உடைக்கச் சொன்னாள், உடைத்தார்கள். பல் ஒவ்வொன்றும் கெட்டியாக, அடியில் முளைக்குருத்து தெரிய இருந்தது. தேவசேனாவுக்குப் பேச்சு திரும்பி வந்தது. எந்தக் காட்டில் விளைந்தது, எப்போது பிடுங்கியது என்று சரளமாகச் சொல்லிக்கொண்டே போனாள். மிஷின் உறுமவில்லை. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது லாவண்யா கேட்டாள்.

"கீழ அடுப்பைக் காட்டுங்க."

தட்டைச் சாய்த்தார்கள். வெளியூரார் பார்க்கப் போகிறார்களே என்று சின்னத்தாயி காலையில் சாம்பலை வழித்து, அடுப்பைச் சாணி போட்டு மெழுகி, அழகாக ஒரு கோலமும் போட்டிருந்தாள். அடுப்பு பளிச்சென்று இருந்தது. ஒரு வருடமாகத் தீயையே கண்டிராத அடுப்பு என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

லாவண்யாவின் முகம் மாறியது. "தப்பா நினைக்காதீங்க. போன வருசம் ஒரு இடத்துல கரியைக் கரைச்சுத் தடவி, புகை போட்ட பூண்டுன்னு குடுத்துட்டாங்க. பாதி முளைக்கலை. எங்க விவசாயிங்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்துச்சு. உங்க அடுப்புல நெருப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. நான் எப்படி நம்புறது?"

தேவசேனா அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். சத்தியம் செய்யலாம், அழலாம், இரண்டும் எடுபடாது. அப்போது பெஞ்சில் கிடந்த பை கண்ணில் பட்டது.

"அக்கா, தட்டப் பிடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஓரப் பகுதியிலிருந்து தாளை எடுத்துக் கேமராவின் முன்னால் விரித்தாள். கரிக்குவியல்.

"இது என்னதுங்க?" என்றாள் லாவண்யா.

"மேடம், நீங்க இப்ப எதுல என்னையப் பாக்குறீங்களோ, அந்த லேப்டாப்புக்குள்ள இருந்து வந்தது. பத்திரமா இருக்கட்டும்னு நான் புத்திகெட்டுப்போயி இத அந்தப் பரண்ல, பூண்டுக்குப் பக்கத்துல வெச்சிருந்தேன். கொஞ்ச நாள்தான். புகை ஏறி, ஃபேன் அடைச்சு, முந்தாநாளு உங்க கண்ணு முன்னாலயே நின்னுபோச்சுல்ல, அதுக்குக் காரணம் இதுதான். கொடைக்கானல்ல ரிப்பேர் பண்ணுன தம்பி அள்ளிக் குடுத்துச்சு, வேணும்னா அதுகிட்டக் கேளுங்க. மறுபடி சூடேறி நின்னுறக்கூடாதுன்னுதான் இன்னைக்கு நெருப்ப இருளாயி அக்கா வீட்டுக்கு அனுப்பிருக்கோம். கம்பளி சுத்தி வெச்ச மிஷினுக்குள்ளயே இம்புட்டுப் புகைன்னா, பிடுங்குன நாள்ல இருந்து அங்கேயே தொங்குற பூண்டு எம்புட்டுக் குடிச்சிருக்கும்னு நீங்களே சொல்லுங்க!"

மூச்சு வாங்க நிறுத்தினாள். திரையில் லாவண்யா வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று சின்னத்தாயி கலவரப்பட்டாள். பிறகுதான் சத்தம் வெளியே வந்தது. அப்படியொரு சிரிப்பு.

"லேப்டாப்பையா புகை போட்டீங்க?"

தேவசேனாவின் குரல் உச்சத்துக்குப் போனதைக் கேட்டு, என்னவோ ஏதோ என்று இருளாயி கங்குச் சட்டியும் கையுமாக உள்ளே வந்து நின்றாள். சட்டியிலிருந்து புகை சுருண்டு பரணுக்கு ஏறியது. "இந்தா இருக்கு நெருப்பு. யாருக்குப் பாக்கணும்?" என்றாள், திரையைப் பார்த்து.

"பாத்துட்டேன்ம்மா, பாத்துட்டேன். சரி, என் முடிவைச் சொல்லிடறேன்" என்றாள் லாவண்யா.

மிஷின் ஒரு உறுமல் உறுமி அணைந்தது.

இருளாயியின் சட்டி திரைக்கு ஒரு முழம்தான் தள்ளி இருந்தது. "நெருப்ப வெளிய கொண்டுபோங்க!" என்று தேவசேனா போட்ட கூச்சலில் வாசலில் நின்ற திருமலைச்சாமி உள்ளே ஓடிவந்தான். தட்டோடு மிஷினைத் தூக்கிக் காற்று வரும் சன்னலோரம் வைத்தார்கள். சின்னத்தாயி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு வந்தாள். "தண்ணி ஆகாதுக்கா!" என்று பாதி வழியிலேயே அவளை நிறுத்தினார்கள். சும்மா இருக்க முடியாமல் அவள் சுளகை எடுத்து வீசத் தொடங்கினாள். ஆறட்டும் ஆறட்டும் என்று தேவசேனா நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் பழனி முருகனிலிருந்து பூம்பாறைக் குழந்தை வேலப்பர் வரை மலையிலும் மலையடியிலும் இருக்கும் அத்தனை பேரையும் கூப்பிட்டுவிட்டாள்.

பொத்தானை அழுத்தினாள். வெளிச்சம் வந்தது. பாஸ்வேர்டு கேட்டது. அவள் பாதியைப் போட்டாள். இருளாயி கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

"எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்க."

"அக்கா, இந்த நேரத்துலயா?"

"திரும்புங்கங்கிறேன்ல?"

திருமலைச்சாமி உட்பட அத்தனை பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். டொக், டொக் என்று ஒற்றை விரல் சத்தம் நிதானமாகக் கேட்டது. அப்புறம் மிஷின் திறக்கும் சத்தம்.

மறுபடி வீடியோ போட்டபோது லாவண்யா இன்னும் அங்கேயேதான் இருந்தாள். "போயிட்டீங்களோன்னு நினைச்சேன். மறுபடி அணையறதுக்குள்ள சொல்லிடறேன். பரண்ல இருக்குறது மொத்தத்தையும் எடுத்துக்கிறோம். அடுத்த போகத்துக்கும் விதை உங்க குழுவோடதுதான். வேற யாருக்கும் வாக்குக் குடுத்துடாதீங்க."

அடுப்படி அதிர்ந்தது. சுளகை வீசியெறிந்துவிட்டு சின்னத்தாயி தேவசேனாவைக் கட்டிக்கொண்டாள். இந்த ஊருக்கு வந்த முதல் மழைக்காலத்துக்குப் பிறகு தேவசேனா யார் முன்னாலும் அழுததில்லை. அன்று எல்லார் முன்னாலும் அழுதாள், அழுதுகொண்டே பேசினாள், ஒரு வார்த்தையும் யாருக்கும் புரியவில்லை, எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வெளியே திருமலைச்சாமி வண்டியின் ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல் நின்றான்.

அன்று சாயங்காலமே மூட்டை பிடிக்கத் தொடங்கினார்கள். வடுகபட்டிக்குப் போக வந்த வண்டி நீலகிரிக்குப் போக நின்றது. இருளாயி கங்கைக் கொண்டுவந்து அடுப்பில் போட்டாள். சின்னத்தாயி ஆசையாகப் போட்ட கோலத்தின் மேலேயே நெருப்பு எரிந்தது, அவளே குனிந்து ஊதிவிட்டாள். ஆறிய மிஷினைத் தேவசேனா பையில் வைத்து, ஈரம் இழுக்கும் பொட்டலத்தையும் போட்டு, அடுப்பிலிருந்து வெகுதூரத்தில் இருந்த அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பெஞ்சில் கரித்தாள் இன்னும் விரித்தபடி கிடந்தது. திருமலைச்சாமி அதை எட்டிப் பார்த்தான்.

"மதினி, இதத் தூக்கிப் போட்டுறாதீங்க. நம்ம ஊருக்கு இதுதான் சாட்சி. பத்திரமா வைக்கணும்."

தேவசேனா தாளை மூலைக்கு மூலை நன்றாக மடித்தாள். பெஞ்சின் மேல் ஏறி, எட்டி, காலியாகிக்கொண்டிருந்த கழிகளுக்கு நடுவே அதைப் பரணில் வைத்தாள்.

"இங்கிட்டு வெச்சா எதுவும் கெடாது தம்பி" என்றாள்.